தம் போட்ட சீஸ் கிழங்கு

குல்சார் பேகத்தின் அடுப்படியில் முந்தைய வேளைச் சமையலுக்கு இடம் கிடையாது. நோன்பு மாதத்தில் அது சட்டமே. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகுதான் அடுப்புப் பற்றும், வடைச்சட்டி ஏறும். நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்குள் எல்லாம் ஆவி பறக்கப் பாய்க்கு வந்துவிடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். அதில் யாரும் குறை சொன்னதில்லை. குல்சார் சொல்ல விட்டதும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் மருமகள் ரிஃபானா சாயங்காலத்துப் பலகாரத்தை விடியுமுன்பே செய்து முடித்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கை வட்டவட்டமாக அரிந்து அலுமினியத் தட்டில் அடுக்கினாள். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றிக் கூழாகக் காய்ச்சி, மிளகுத்தூள் தூவி அதன்மேல் ஊற்றினாள். அதற்கும் மேலே சீஸைத் துருவிக் கொட்டினாள். மறுபடி கிழங்கு, மறுபடி கூழ், மறுபடி சீஸ். தட்டை மூடி பிரிட்ஜில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வந்து ஓவன்ல வெச்சு ஒரு சுவிட்சு போட்டாப் போதுங்க மாமி."

"போதும் போதும். சோத்தை ஆக்கி வெச்சுட்டு ஊரு சுத்தப் போறதுக்குப் பேரு சமையலா?" என்றாள் குல்சார்.

ஊர் சுற்றப் போகவில்லை, வேலைக்குத்தான் போனாள். கல்யாணத்துக்கு முன்பு ரிஃபானா ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள். ஆர்டர் கொடுப்பவனுக்கும் தைத்துக் கொடுப்பவனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் உத்தியோகம். அதற்குப் போய் ஒருத்தி ஏங்குவாளா? இவள் ஏங்கினாள். பழைய கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிட்டதும் முகம் அப்படி மலர்ந்தது. அவள் புருஷன் அஸ்ஃபாக், "அம்மா சரின்னா எனக்கும் சரி" என்று நழுவிக்கொண்டான். ஆம்பிளைகளுக்கு அந்த வித்தையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நோன்பு நாளில் அடுப்பை யார் பார்ப்பது என்று குல்சார் கேட்டபோது ரிஃபானா அசரவில்லை. "நானே பாத்துக்கறனுங்க. இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வர்றேன். பாங்கு சொல்றப்ப என்ற பலகாரம் சூடாப் பாய்ல இல்லீன்னா, நாளையிலிருந்து நான் போகலீங்க மாமி."

குல்சார் உடனே ஒத்துக்கொண்டாள். பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை. தான்தான் ஜெயிக்கப்போகிறோம் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

மதியம் தாராபுரத்து நாத்தனார் ஜைத்தூனிடமிருந்து போன் வந்தது. பெருநாளுக்குத் துணி எடுக்கத் திருப்பூர் வந்திருக்கிறாளாம், நோன்பு திறக்க இங்கேதான் வருகிறாளாம். ஜைத்தூன் தன் மருமகளை டீச்சர் வேலையிலிருந்து நிறுத்தியவள்; அதை எந்த விசேஷ வீட்டிலும் சொல்லாமல் விடமாட்டாள். ரிஃபானா வேலைக்குப் போன விஷயம் அவள் காதுக்குப் போகக்கூடாது என்று குல்சார் முடிவு கட்டினாள். ஒரு நாள் கூத்துதானே, நாளைக்கு முடிந்துவிடும்.

அஸர் தொழுதுவிட்டு எழுந்தபோது தெருவே ஓய்ந்து கிடந்தது. எதிர்வரிசையில் எந்நேரமும் கடகடக்கும் தையல் மிஷின்கள் ஒன்றுகூட ஓடவில்லை. 2008-ஆம் வருஷத்தில் திருப்பூரில் இதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். கரண்ட் போயிருந்தது. இந்த நேரத்தில் போனால் இருட்டிய பிறகுதான் வரும்.

குல்சாருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்லலாமா? சந்தோஷம்தான். கரண்ட் இல்லாமல் ஓவன் ஏது, சூடு ஏது? மருமகள் நாளை முதல் வீட்டில்.

என்னதான் செய்து வைத்திருக்கிறாள் பார்ப்போம் என்று தட்டை எடுத்து மூடியைத் திறந்தாள். கிழங்குகள் ஒரே கனத்தில், வரிசை பிசகாமல் படுத்திருந்தன. தட்டின் விளிம்பில் வழிந்ததைக்கூடத் துடைத்திருந்தாள். அக்கறையில்லாதவள் செய்கிற வேலை இல்லை அது. சமையல்காரியின் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. அதுதான் குல்சாருக்குத் தொல்லையாகப் போயிற்று.

நோன்பு நாளில் அவள் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. சுவருக்கு அந்தப்புறம் பார்த்துக் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, வீட்டிலிருந்தபடியே பனியன்களுக்குப் பிசிர் வெட்டுகிறவள். நோன்பு மாதம் முழுக்கக் குல்சாருக்கு உப்புப் பார்த்துச் சொல்வது அவள்தான். மடியிலிருந்த நூல் பிசிரைத் தட்டிவிட்டு வந்து, ஓரத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள்.

"ஏயாத்தே, என்னக்கா இது இப்படிப் பல்லுல ஒட்டுது!" என்றாள். பிறகு மென்று பார்த்தாள். "உப்புச் சரியாத்தான் இருக்கு. ருசியாவும் இருக்கு. ஆனா பச்சத்தண்ணி கணக்கா சில்லுனு இருக்கே, இத எப்படித் திம்பிய? நல்ல பண்டத்தப் பாழாக்கப் போறியளா?"

அந்தக் கடைசி வார்த்தை குல்சாருக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் அடுப்படியில் ஒரு பண்டம் பாழாவதா? அதுவும் ஜைத்தூன் வருகிற அன்றைக்கா? போதாததற்கு, கரண்ட் போனதால் கிடைக்கிற ஜெயம் ஒரு ஜெயமா? தன் கைப்பக்குவத்தால் ஜெயித்திருந்தால் சரி. இது யாரோ தூக்கிப்போட்ட பிச்சை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஓவன் என்ன பெரிய ஓவன்? மேலயும் கீழயும் அனலு, அவ்வளவுதான?" என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

பிரியாணிச் சட்டியில் மணலைப் பரப்பி அடுப்பில் ஏற்றிக் காய வைத்தாள். நடுவில் ஒரு இரும்புப் பிரிமனையை வைத்து அதன்மேல் தட்டை இறக்கி மூடினாள். கொட்டாங்குச்சியைப் பற்றவைத்துத் தணலாக்கி மூடிமேல் பரப்பினாள். எத்தனை கல்யாணத்துக்குத் தம் போட்ட கை! இந்தக் கிழங்கு எம்மாத்திரம்?

ஜைத்தூன் வந்து முன்னறையில் உட்கார்ந்த பிறகுதான் ரிஃபானா பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். தெருமுனையிலேயே விளக்கில்லாததைப் பார்த்திருப்பாள் போல, முகத்தில் உயிரே இல்லை. அடுப்படி வாசலில் மூடிமேல் கனிந்து கிடந்த தணலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமி, நான் தோத்துட்டனுங்க," என்றாள் மெதுவாக. "இது நீங்க பண்ணினது."

"நீட்டி முழக்காம போய்க் கைகால் கழுவி ஒளுச் செஞ்சுட்டு வா. நேரமாச்சு."

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர், பள்ளிவாசல் கஞ்சி எல்லாம் ஆன பிறகு, மேலே செம்பொன்னாய்ச் சிவந்திருந்த தட்டு பாயின் நடுவில் வந்தது. ஜைத்தூன் ஒரு துண்டை எடுத்தாள். சீஸ் நூலாய் நீண்டு கூடவே வந்தது. ஒரு வாய் தின்றவள் உடனே இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.

"அட குல்சாரு, இதென்ன இப்படி இருக்குது! எப்பச் செஞ்ச? உன்ற கைக்கு மோதிரம்தான் போடோணும் போ."

ரிஃபானா தலையைக் குனிந்துகொண்டாள். குல்சார் ஒரு வார்த்தை பேசாமலே இருந்திருக்கலாம். பேர் தனக்கு, மருமகளும் வீட்டுக்கு. ஆனால் குல்சார் அடுத்தவள் ஆக்கிய பண்டத்துக்குத் தன் பேரை வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"நான் தம் மட்டுந்தானுங்கக்கா போட்டேன். செஞ்சது மருமக. விடியக்காலமே செஞ்சு வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டா."

குல்சாரின் புருஷன் அப்துல் ரவூப் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அஸ்ஃபாக் கூரையைப் பார்த்தான்.

"வேலைக்கா?" ஜைத்தூனின் குரல் உயர்ந்தது. "எங்கே? இன்னைக்கு ஒரு நாளைக்கா?"

"பனியன் கம்பெனிக்குங்க. தெனமுந்தான்."

சொன்ன பிறகுதான் குல்சாருக்கே அது உறைத்தது. ஜைத்தூனிடம் சொன்னால் தாராபுரம் முழுக்கச் சொன்ன மாதிரி. இனி அதைத் திருப்பி எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றும் அவளுக்குத் தோன்றவில்லை. குல்சாரே ஜைத்தூனின் தட்டில் இன்னொரு துண்டை எடுத்து வைத்தாள்.

"சாப்புடுங்க அக்கா, ஆறிடப் போகுது." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு என்ன கண்ணு செஞ்சு வெச்சுட்டுப் போற?"

ரிஃபானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எதைச் செஞ்சாலும் தம்முல வேகறதாப் பாத்துச் செய்யி," என்றாள் குல்சார். "கரண்ட்டை நம்பாத."