வரிசையாக நான்கு புள்ளிகள்

மார்பில் கட்டி என்று தெரிவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அவள் புருஷன் அவளை விலாவில் உதைத்தான். காரணமா? குழம்பில் உப்பு கூடிப்போச்சாம். மகராசன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்ட நர்ஸ் எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டாள். "எங்கேயாவது விழுந்தீங்களா? அடி கிடி பட்டுச்சா?"

புருஷன் பக்கத்திலேயே நின்றான். "இல்லீங்க" என்று அவள் சொன்னாள். இத்தனை வருஷமாக அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில் அது.

இப்போது டாக்டரம்மாவின் அறைச் சுவரில் ஸ்கேன் படமாக அவளுடைய எலும்புக்கூடு தொங்கியது. சதையில்லை, முகமில்லை. ஆனாலும் அது தன்னையே பார்ப்பது போலிருக்க, அவளுக்கு உடம்பு சில்லிட்டது. இடது விலாவில் மட்டும் நான்கு கறுப்புப் புள்ளிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"எலும்பு உடைஞ்சாலும் இப்படித் தெரியும்மா. ஆனா அடியே படலைன்னு சொல்லிட்டீங்க. அப்போ மார்புல இருக்கிற கேன்சர் எலும்புக்கும் பரவியிருக்குன்னுதான் நினைக்க வேண்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்லை. மருந்துல நாளைத் தள்ளலாம், அவ்வளவுதான்."

புருஷன் ஓவென்று அழுதான். "என்னை விட்டுட்டுப் போயிடாதடி!" நடிப்பில்லை, நிஜக் கண்ணீர்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தை நிமிர்ந்து பார்த்தான். புள்ளிகளைப் பார்த்தான். சட்டென்று அழுகை நின்றது.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். அவனோ குனிந்து தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடப்பாவி! அந்த எலும்புக்கூட்டைவிட அவனைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"டாக்டரம்மா," என்றாள். "அது நோய் இல்லீங்க. இவரு உதைச்சது. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

"லூசு மாதிரி உளறாதடி!"

"நீங்க வெளியே போங்க," என்று டாக்டரம்மா அவனிடம் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள். "விலா எலும்புக்கு மட்டும் சி.டி. ஸ்கேன் எடுக்கணும், உடைப்பா நோயான்னு தெரியணும். இன்னைக்கே."

வாசலில் அவன் திரும்பிப் பார்த்தான். "அப்போ வீட்டுக்கு வரமாட்டியா?"

"முதல்ல நான் உசுரோட இருப்பேனான்னு பார்க்கிறேன்," என்றாள் அவள்.