மஸாஹிரா கேட்ட மறைப்பு

அஸ்ஸலாமு அலைக்கும் பிள்ளைகளே. மற்ற மார்க்கத்துப் பிள்ளைகளுக்கு என் வணக்கம். எல்லோரும் சுகம்தானே? கண்டிப் பக்கம் இந்த மழைக்கு வீட்டுக்கு வீடு தடிமனும் இருமலுமாகத்தான் இருக்கிறது. எனக்கு முழங்கால் மட்டும்தான் கரைச்சல், மற்றபடி அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டில் காய்ச்சல் யாருக்காவது இருந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். சரி, நான் சொல்ல வந்தது என் தங்கை மஸாஹிராவின் கதை.

தெல்தெனியவுக்கு மேலே ஒரு மலைமூக்கில் இருக்கிறது அவளுடைய வீடு. பின்னால் எட்டிப் பார்த்தால் கிடுகிடு பள்ளம், அதற்குக் கீழே விக்டோரியா நீர்த்தேக்கம். பார்க்க நல்ல அழகுதான். ஆனால் அந்தப் பக்கம் ஆட்டுக்கும் வழி கிடையாது. முன்பக்கம் ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. பக்கத்து மிளகுத் தோட்டத்துக்குள்ளால் இறங்கி, பஸ் போகும் ரோட்டில் போய் ஏறும். மஸாஹிரா அங்கே மணமகளாக வந்ததும் அந்தப் பாதையால்தான். அவள் மாப்பிள்ளை ஹில்மியின் ஜனாஸா போனதும் அந்தப் பாதையால்தான்.

ஹில்மி திடீரென்றுதான் மவுத்தானார். சுபஹ் தொழுதுவிட்டுத் தேத்தண்ணீர் கேட்டவர், அது ஆறுவதற்குள் போய்விட்டார். மஸாஹிரா இத்தா இருக்கத் தொடங்கினாள். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், எங்களில் மாப்பிள்ளையை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டாள், நகை போடமாட்டாள், கலியாணம் காட்சி என்று எதற்கும் போகமாட்டாள். தங்கை தனியாகக் கிடப்பாளே என்று நானும் என் உடுப்புப் பையோடு அங்கே போய் இருந்துவிட்டேன். அவளுடைய ஒரே மகள் இன்ஷிரா அப்போது பிள்ளை வயிற்றோடு கண்டியில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள். மாதம் கூடிவிட்டதால் மலை ஏறி வர அவளால் முடியாது.

நாங்கள் ஜன்னல் சீலைகளை மாற்றிப் போட்டு முடிக்கவில்லை, வெளியே மண் வெட்டுகிற பெக்கோ மெசின்கள் வந்துவிட்டன. மிளகுத் தோட்டத்துக்காரரின் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. அவர்கள் தோட்டத்தை ஒரு கம்பனிக்கு விற்றிருந்தார்கள். கோல்ஃப் மைதானம் கட்டப் போகிறார்களாம். எனக்கு மைதானம் என்றால் பள்ளிக்கூட மைதானம்தான் தெரியும், தட்டையாக இருக்கும். இது மலையை மலையாகவே வைத்துக்கொண்டு செய்கிற வேலை. பெரிய தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் பாறையில் ஏறி நின்று அங்கும் இங்கும் கையை நீட்டுவார். அவர் கை காட்டிய இடத்தில் மேடு போய்ப் பள்ளம் வரும், பள்ளம் போய் மேடு வரும். மண்ணில் குத்திய குச்சிகளில் சிவப்பு நாடா, நீல நாடா. சீலையை விரல் அளவுக்கு விலக்கி அதைப் பார்ப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பொழுதுபோக்கு. மலை வாய் திறந்து பேசாது என்ற தைரியத்தில்தானே இப்படிச் செய்கிறார்கள் என்பாள் மஸாஹிரா.

ஒரு நாள் கம்பனி இன்ஜினியர் கேட்டடிக்கு வந்தார். றொசான் என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல மரியாதை. அந்த நேரம் எங்கள் நானா, கூடப் பிறந்த மூத்தவர் ஸெய்னுலாப்தீன், சாமான் கொண்டு வந்திருந்தார். வீட்டில் ஆண் என்று இருந்தது அவர்தான், அதனால் அவர்தான் போய்ப் பேசினார். பாதை போகும் பள்ளத்தை மண் போட்டு நிரப்ப வேண்டும், உங்களுக்குக் கரைச்சலா என்று கேட்டிருக்கிறார் அந்தப் பிள்ளை. நானாவுக்கு அந்நிய ஆண்கள் கேட்டடியில் நிற்பதே பிடிக்கவில்லை. அவர்களைக் கெதியாக அனுப்பிவிட வேண்டும். வேறொன்றும் அவர் யோசிக்கவில்லை.

"தங்கச்சி இத்தால ஈக்கிறா. இந்த வீட்டுல ஆரும் பாதையில போற வாற இல்ல. நீங்க உங்கட வேலையைப் பாருங்க தம்பி" என்றார்.

நாங்கள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மஸாஹிரா தலையை ஆட்டினாள். நானா ஒழுங்காகச் சொன்னார் என்றுதான் அவளுக்கும் பட்டது. இத்தா இருப்பவளின் வீட்டு வாசலில் யாரும் அதிகம் பேசக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த கிழமையே பள்ளம் நிரம்பியது. எங்கள் பாதையின் கற்படிகள் எல்லாம் மண்ணுக்கு அடியில். அதற்குப் பிறகு நானா ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிற காணால் சுற்றி, சப்பாத்து முழுக்கச் சேறாக வருவார். இத்தா முடியட்டும், பிறகு பாதையை ஒழுங்காகக் கேட்டு வாங்குவோம் என்று சொல்லிச் சொல்லியே பிளேன்டீ குடிப்பார்.

பாதை போனதை விட மஸாஹிராவுக்குப் பெரிய கரைச்சல் வேறொன்று. மரங்கள் எல்லாம் வெட்டுப்பட்டதால் வீடு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. புல்லு விரிக்கிற ஆட்கள் நாள் முழுக்க முற்றத்துக்கு நேரே நிற்பார்கள். உடுப்புக் காயப்போட வெளியே இறங்க ஏலாது. கிணற்றடிக்குப் போக ஏலாது. கறிவேப்பிலை பிடுங்கக்கூட நான்தான் போனேன். வீட்டுக்குள் இருப்பது போய், வீட்டுக்குள்ளேயும் ஒரு அறையில் இருப்பதாக ஆகிவிட்டது. கடைசியில் நானாவிடம் சொல்லி, ஒரு மறைப்புப் போட்டுத் தரச் சொல்லிக் கம்பனியிடம் கேட்டாள். அவர்களிடம் அவள் தானாகக் கேட்ட ஒரே ஒரு காரியம் அதுதான்.

றொசான் உடனே ஓம் என்றார். எங்களுக்குப் பெரிய சந்தோசம். இரண்டு நாளில் பாரையால் குழி குத்தி, சீமெந்து போட்டு, தென்னை உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு, வீட்டைச் சுற்றி அடர்த்தியான பச்சை வலை கட்டினார்கள். பந்தும் உள்ளே வராது, பார்வையும் உள்ளே வராது என்று நானா பெருமையாகச் சொன்னார். மஸாஹிரா கனநாளைக்குப் பிறகு முற்றத்தில் இறங்கி, தலையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளைக்கு துஆ கேட்டோம். வலை கேட்டுக்கு முன்னாலும் போகிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் வெளியே போகாதவளுக்குக் கேட் எதற்கு? இத்தா முடிந்தால் அவள் வெளியே போவாளே, அது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

இன்ஷிராவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மஸாஹிரா போனில்தான் பேத்தியைப் பார்த்தாள். பிள்ளை கொட்டாவி விடுவதைப் பார்த்து, ஹில்மியின் வாய் அப்படியே இருக்கிறது என்று அழுதாள். போய்ப் பார்க்க வேண்டும், மடியில் வைக்க வேண்டும், காதில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு ஆசையில்தான் மிச்ச நாட்களை ஓட்டினாள். பிள்ளைக்குச் சின்னச் சட்டைகள் தைத்தாள். இத்தாவின் கடைசிக் கிழமையில் அவள் பை, கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக நின்றது.

இத்தா முடிந்த அன்று குளித்து, யாசீன் ஓதி, பால் சோறு ஆக்கி நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். நானா தெல்தெனியவில் பஸ் ஸ்டாண்டடியில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். மஸாஹிரா அபாயாவைப் போட்டுக்கொண்டு, பையையும் குடையையும் எடுத்து, கேட்டைத் திறந்தாள். முன்னால் பச்சை வலை. கையை வைத்துத் தள்ளினாள், அது உள்ளே குழிந்து திரும்ப வந்தது. இந்தக் கம்பத்தில் இருந்து அந்தக் கம்பம் வரைக்கும் தடவிக்கொண்டே போனாள். பின்னால் பள்ளம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். நானா வந்து போன காணோரத்தையும் அந்தக் கிழமை கம்பி கட்டி அடைத்திருந்தார்கள்.

வலைக்கு அப்பால் நின்ற கம்பனிக் காவல்காரன் போன் எடுத்து, றொசான் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வலைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, அந்தப் பிள்ளை உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தது.

"அம்மா, நீங்கள்தானே மறைக்கச் சொன்னனீங்கள். உங்கட அண்ணர் ஹாஜியாரும் சொன்னவர், இந்த வீட்டில ஆரும் பாதை பாவிக்கிறேல்லை எண்டு. அதை நம்பித்தான் மேலிடம் வரைபடத்தில பாதையை எடுத்தது."

மஸாஹிரா அந்நிய ஆணோடு நேருக்கு நேர் பேசி எத்தனையோ மாதம்.

"நான் மறைக்கச் சொன்னது உங்கட ஆக்கள் என்னைப் பார்க்காம ஈக்க மகன். நான் போகாம ஈக்க இல்ல."

றொசான் காவல்காரனிடம் கத்தி வாங்கி, வலையின் ஒரு ஓரத்தை ஆள் நுழையும் அளவுக்கு அறுத்தார். சின்ன வண்டி ஒன்று வரவழைக்கிறேன், எப்போது போக வேண்டுமென்றாலும் முதல் நாள் சொல்லிவிட்டால் வண்டி வரும் என்றார். விருந்தாளி மாதிரிக் கவனிப்போம் என்றும் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தன் வீட்டுக்குப் போய்வர முதல் நாள் உத்தரவு கேட்பதென்றால் அது யாருடைய வீடு, நீங்களே சொல்லுங்கள். மஸாஹிரா வண்டியில் ஏறவில்லை. குடையை விரித்துக்கொண்டு, பழைய பாதை மண்ணுக்கடியில் எங்கே போகிறதோ அதற்கு நேர் மேலே, புல்லை மிதித்துக்கொண்டு நடந்தாள். என் செருப்புக் குதி புல்லுக்குள் புதைந்து புதைந்து எழும்பியது. நான் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். தூரத்தில், மைதானம் திறக்க முன்பே அடித்துப் பார்க்க வந்த வெள்ளைத் தொப்பிக்காரர்கள் அடிக்க ஓங்கிய தடியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பேத்தியை மடியில் வைத்த பிறகுதான் அவள் வாய் திறந்து சிரித்தாள். இன்ஷிரா, உம்மா இனி ஒரு மாதமாவது இங்கே இருக்க வேண்டும் என்று அறையெல்லாம் ஒழுங்கு பண்ணி வைத்திருந்தாள். ஆனால் அதற்கு முன்னால் பாதை விஷயத்தைக் கேட்டுவிடலாம் என்று நானா எங்களைக் கண்டிக் கோர்ட்டடியில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் கூட்டிப் போனார். சத்தியபாமா என்று பெயர். எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார். நானா கேட்டடியில் சொன்ன வசனத்தை மட்டும் இரண்டு தரம் சொல்ல வைத்தார். மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவசியத்துக்கு இத்தாவிலும் வெளியே இறங்கலாம் என்று சொல்லியிருப்பாரே என்றார். நானா சுவரைப் பார்த்தார்.

"வழக்குப் போடுவம். ஆனால் பாதை வேண்டாம் எண்டு நீங்கள் விட்டிட்டியள் எண்டுதான் அவையள் சொல்லுவினம். அதால இனி நடந்து காட்டுங்கோ. அந்த வீட்டில இருங்கோ, அந்தப் பாதையால போய் வாங்கோ. ஒரு நாளும் விடாதேங்கோ."

எவ்வளவு காலத்துக்கு என்று மஸாஹிரா கேட்டாள்.

"உங்கட பேத்தி பள்ளிக்கூடம் போக முதல் முடிஞ்சால் புண்ணியம்" என்றார் சத்தியபாமா. அவர் பகிடியாகச் சொன்னாரா மெய்யாகச் சொன்னாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

தான் நடக்கிறேன் என்று நானா கேட்டார். வேண்டாம் என்று சொன்ன வாயே போய் நடந்தால் எடுபடாது, வீட்டுக்காரிதான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. அன்று பின்னேரமே மஸாஹிரா பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு மலைக்குத் திரும்பினாள். இன்ஷிரா வாசலில் பிள்ளையோடு நின்று அழுததை நான் சொல்லமாட்டேன்.

இப்போது ஒரு வருசம் ஆகப் போகிறது. விடிந்தால் மஸாஹிரா குடையோடு இறங்குவாள். ரோடு வரைக்கும் போய், சிலநாள் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய்ப் பேத்தியைத் தூக்கிவைத்துவிட்டு, சோறு ஆறும் முன்னே எழும்பி ஓடுவாள். றொசான் அறுத்த இடத்தில் இப்போது ஒரு வலைக் கதவு, அதைப் பொழுதுபட மஃரிபோடு காவல்காரன் பூட்டிவிடுவான். இன்ஷிரா வீட்டில் அவள் இதுவரை ஒரு இரவு தங்கியதில்லை. பேத்திக்குக் காது குத்திய அன்றும் தங்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் நடந்தாள், நான்தான் ஒரு கையால் குடையையும் ஒரு கையால் அவளையும் பிடித்துக்கொண்டு போனேன். காட்டுப் பன்றி புல்லைக் கிளறினால் மஸாஹிராவின் முற்றத்துப் பலாப்பழ வாடைக்குத்தான் வருகிறது என்று கம்பனியில் இருந்து ஆள் வந்து சொல்லும். விளையாட வருபவர்கள் அவளைப் பார்த்ததும் நின்று வழிவிடுவார்கள். சிலர் நீர்த்தேக்கத்தோடு சேர்த்து அவளையும் படம் பிடிப்பார்கள்.

வீட்டை நல்ல விலைக்கு எடுக்கக் கம்பனி எப்போதும் தயார். விற்றுவிட்டு மகளோடு போய் இரு என்று நானா வரும்போதெல்லாம் சொல்கிறார். போன கிழமை நானும்தான் சொன்னேன். மஸாஹிரா நனைந்த செருப்பை வாசலில் சாய்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தாக்கு ஒரு கணக்கு ஈந்திச்சு ராத்தா. இன்னும் இத்தனை நாள்னு விரல் விட்டேன். இதுக்கு எதை எண்ணுற?"

செருப்புத் தண்ணீர் வடிந்து காய்வதற்குள் அடுத்த நடைக்கு விடிந்துவிடும்.

உங்கள் பக்கமும் இப்படி ஒரு பாதை அடைபட்டிருக்கும். வேலி வந்திருக்கும், மதில் வந்திருக்கும், நல்ல மனதோடு யாராவது கட்டிக்கொடுத்த ஒரு மறைப்பு வந்திருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள், நடந்தீர்களா, விட்டீர்களா, விட்ட பிறகு நித்திரை வந்ததா? உங்கள் கதையை எனக்கு எழுதி அனுப்புங்கள் பிள்ளைகளே. பின்னேரம் மஸாஹிரா கால் பிடித்துக்கொண்டு உட்காரும்போது நான் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.