காற்றும் கதவும் ஒரு கப் தயிரும்

என் வீட்டுக்காரர் வாசுவுக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம்தான், காலண்டர் நம்பிக்கைதான் நிறைய. ராகு காலம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு நான் மோட்டார்ஹோம் வாங்கினேன். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக நின்று நின்றே கால் தேய்ந்தவள் நான். வேலையை விட்டதும் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்று எத்தனையோ காலமாக ஆசை.

விற்றது பாலிக் புலாவ் ஊரைச் சேர்ந்த ஐமான். பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பெரிய மனசோடு சொல்லியிருந்தார். வாசு அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வண்டின்னாலும் வீடுதானே ருக்கு? பால் காய்ச்சித்தான் ஏறணும். வாசல் கிழக்க பாக்கணும். கதவு தொறந்தே இருக்கணும். மகாலட்சுமி வர்ற நேரத்துல படக்குன்னு சாத்துச்சுன்னா நல்லதில்ல. அப்புறம் ஐமான்கிட்டயே கொடுத்திடலாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது இதுதான்.

எங்கள் பிளாட்டின் கார் பார்க்கில் உயரமான வண்டிகளைத் தடுக்கக் குறுக்கே கம்பி கட்டியிருக்கிறார்கள், எங்கள் வண்டி நுழையாது. அதனால் சனிக்கிழமை காலையில், நல்ல நேரத்தில், எங்கள் தீவின் பாடாங் கோத்தா கடலோரத்தில் போய் நிறுத்தினோம். பாலம் தாண்டிப் பெருநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கும் வாசுவின் அக்கா பிரமிளா, அதாவது என் அண்ணி, குத்துவிளக்கோடு வந்திருந்தார். விசேஷம் முடிந்ததும் அவரை அதே வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் எங்கள் முதல் பயணம்.

வண்டியின் வாசல் இடது பக்கம். அது கிழக்கைப் பார்க்க வேண்டும் என்று வாசு கைபேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று என்னை முன்னும் பின்னும் ஓட்டவைத்தார். வண்டியின் மூக்கு நேர்த் தெற்கே பார்த்து நின்றது. காற்றும் அன்றைக்குத் தெற்கிலிருந்துதான் வந்தது, யாரோ ஏவிவிட்ட மாதிரி.

கதவை முழுசாகத் திறந்து முன்பக்கமாகத் தள்ளினால், வண்டியின் பக்கவாட்டில் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கி கவ்விக்கொள்ளும். அண்ணி விளக்கேற்றக் குனிந்தார். கொக்கி விட்டுவிட்டது. டமார்!

"ஒண்ணு" என்றார் வாசு.

"என்ன ஏலமா விடுறீங்க?" என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கயிற்றை எடுத்துக் கதவின் கைப்பிடியைப் பக்கக் கண்ணாடியோடு சேர்த்துக் கட்டினேன். வாசு பால் சட்டியைத் தூக்கிக்கொண்டு வலது காலை எடுத்தார். காற்று ஒரு உலுக்கு உலுக்கியது. முடிச்சு அவிழ்ந்தது. டமார்! பாலில் பாதி அவர் வேட்டியில்.

"ரெண்டு. இன்னொரு வாட்டி சாத்துச்சுன்னா திங்கக்கெழம வண்டி திரும்பப் போகுது. சொல்லிட்டேன்."

ஒரு பிளாஸ்டிக் கொக்கிக்காகவா என் ஊர்சுற்றல் எல்லாம் போக வேண்டும்? "அண்ணி, கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று கெஞ்சினேன். அவர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். நல்ல கனமான உடம்புதான். ஆனாலும் காற்று அவரையும் சேர்த்து அசைத்தது.

"ஐயோ, தள்ளுதுடி! நான் என்ன தூணா?"

அவருடைய முந்தானை வண்டியின் பின்பக்கமாகப் படபடவென்று பறந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவின் கீல் முன்பக்கம் இருக்கிறது. முன்னாலிருந்து வரும் காற்று கதவுக்குப் பின்னால் புகுந்து அதைச் சாத்துகிறது. வண்டியைத் திருப்பி நிறுத்தினால், இதே காற்று கதவைத் திறந்தபடியே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வாசல் மேற்கே போய்விடும்!

நான் யோசிக்கவில்லை. அண்ணியை நகரச் சொல்லிவிட்டு, கதவை நானே மெதுவாகச் சாத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். "ஏய், கிழக்கு! கிழக்கு!" என்று வாசு பின்னாலேயே ஓடிவந்தார். நான் ஒரு வட்டம் அடித்து வடக்கே பார்த்து நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். அது வண்டியோடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றது.

"மேக்கு வாசல்ல நான் ஏற மாட்டேன்."

"இன்னைக்கு என்ன கெழம?"

"சனி."

"சனிக்கெழம எந்தப் பக்கம் சூலம்?"

அண்ணி பதில் சொன்னார். "திங்கள், சனி கெழக்கே சூலம்லா. அந்தப் பக்கம் பயணம் போகக் கூடாது."

"வீடுன்னு மட்டும் பாத்தீங்க. இது வண்டியும்தானே? கிழக்கு வாசல்ல எறங்குனா, மொத அடியே சூலத்துல."

மேற்கு வாசலில் ஏறுகிறவன் கிழக்கே பார்த்துத்தான் கால் வைக்கிறான் என்று மட்டும் வாசுவுக்குத் தோன்றிவிடக் கூடாதே என்று எல்லா முருகனையும் வேண்டிக்கொண்டேன். அவர் மிச்சப் பாலைத் தூக்கிக்கொண்டு, வலது காலை வைத்து ஏறினார்.

பால் பொங்கியது. கதவு அசையவில்லை. நான் கீழே இறங்கி வண்டிக்குக் கற்பூரம் காட்டினேன்.

கிளம்பினோம். அண்ணி பின்னால், வாசு என் பக்கத்தில். பாலத்தில் ஏறியதும் சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலம் வேறு எந்தப் பக்கம் போகும்? கிழக்கேதான். அது எனக்கு முன்பே தெரியும். சனிக்கிழமைச் சூலத்துக்குத் தயிர்தான் பரிகாரம், அதனால் ஒரு கப் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். வாசு கத்த ஆரம்பிப்பதற்குள் வாயை அடைத்துவிடலாம் என்று திட்டம்.

"அண்ணி, அந்தத் தயிரை எடுத்து அவர்கிட்ட கொடுங்க."

குளிர்பெட்டி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "கப்பு இருக்கு. தயிரக் காணோமே!"

நான் திரும்பிப் பார்த்தேன். வாசுவின் மீசையில் வெள்ளையாக ஒரு கோடு.

"நீ கற்பூரம் காட்டுனப்பவே சாப்பிட்டேன்" என்றார். "மேக்கு வாசல்ல ஏறுனா கெழக்கேதானே காலு வைக்கிறோம்? காலண்டர் பாக்குறவனுக்கு அது தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஏறுனீங்க?"

"வண்டியத் திருப்புனப்ப உன் மொகத்தப் பாத்தேன்லா. கல்யாணத்தன்னைக்குக்கூட நீ அப்படி ஆசையா இருந்து நான் பாத்ததில்ல."

எனக்குப் பாலம் மங்கலாகத் தெரிந்தது. வெயில்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் அவர். "நிபோங் திபால்ல ஒரு இரும்புக் கொக்கி வாங்கணும். தயிரும் வாங்கணும். திங்கக்கெழம கெழக்குக் கரைக்குப் போறோம்."