விழாத கறுப்பு உருண்டை

மேற்குத் தாம்பரத்து ஃப்ரீமேசன் சங்கக் கட்டடத்தை ஒருநாள் மட்டும் யாரும் சுற்றிப் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தபோது, போகவே கூடாது என்றுதான் நினைத்தேன். பதினோரு வருஷத்துக்கு முன் என்னை வேண்டாம் என்று தள்ளிய இடம் அது. மனசு கேட்டால்தானே! ஜெபராஜிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

ஜெபராஜும் நானும் ஒரே ஆபீஸில் முப்பது வருஷம். அந்தச் சங்கத்தில் அவன் உறுப்பினன்; அசரியா என்று என் பெயரைப் போட்டு, என்னைச் சேர்க்க மனு கொடுத்ததும் அவன்தான். ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். ஓட்டுப் பெட்டியில் வேண்டாம் என்று ஒரு கறுப்பு உருண்டை விழுந்துவிட்டதாம், ஒன்று விழுந்தாலே கதை முடிந்ததாம். யார் போட்டது என்று குடைந்தேன். சவுரிமுத்து வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினான். வாயால் பெயரைச் சொல்லவில்லை, எமகாதகன்.

சவுரிமுத்து எங்கள் தெருக்காரர், அதே சங்கத்தில் இருந்தவர். அன்றிலிருந்து அவர் வணக்கம் சொன்னால் நான் என் செருப்பைப் பார்ப்பேன். போன ஜனவரியில் அவர் இறந்து, பெட்டி என் வாசல் வழியாகப் போனபோது ஜன்னலைச் சாத்தினேன். அந்தப் பெட்டிக்குத் தோள் கொடுத்துப் போனவர்களில் ஜெபராஜும் ஒருவன்.

சங்கச் செயலாளர் சாம்பசிவன் எங்கள் பத்துப் பேரை உள்ளே கூட்டிப் போனார். அந்தக் கூடத்தைக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். சாமி ஒன்றும் கிடையாது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, கிழக்கே தலைவர் நாற்காலி, நட்சத்திரம் வரைந்த நீலக் கூரை. முன்னூறு வருஷத்துச் சங்கம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு போனார். எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. மேசை மேலிருந்த தேக்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார் சாம்பசிவன். வெள்ளை உருண்டைகள் கை பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருந்தன. கறுப்பு உருண்டைகள் புதுசாகவே இருந்தன. தான் செயலாளராக இருக்கும் பதினெட்டு வருஷத்தில் ஒரு கறுப்புகூட விழுந்ததில்லை என்றார், பெருமையாக. யாரையுமே தள்ளியதில்லையா என்று கேட்டேன்.

"இல்ல சார். ஒரே ஒரு மனு மட்டும் ஓட்டுக்கே வரல. கொண்டுவந்தவரே வேணாம்னு எழுதிக் குடுத்துத் திரும்ப வாங்கிட்டார். எங்க சவுரிமுத்து சார் அன்னிக்குச் சண்டையே போட்டார். எங்க தெருக்காரர், நல்ல மனுஷன், ஏன் மனுவைத் திரும்ப வாங்கறீங்கன்னு."

வெளியே வந்தால், வராந்தாவில் ஜெபராஜ் வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னையும் எனக்குப் பின்னால் வந்த சாம்பசிவனையும் பார்த்ததும் அவன் கை நின்றது. ஏன் அப்படிச் செய்தாய் என்றேன்.

"ஆபீஸ்லயும் நீ, சர்ச் கமிட்டிலயும் நீ. எங்க போனாலும் உனக்கு அடுத்ததுதான் நான். இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு தோணிச்சு மச்சான்."

அதையாவது மன்னித்திருப்பேன். சவுரிமுத்துவை ஏன்டா மாட்டிவிட்டாய் என்றதற்கு, நீ விடாமல் குடைந்தாயே, நான் என்ன செய்ய என்கிறான், பாவி. என் சாவுக்கு நீ வரக் கூடாது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நேரே சவுரிமுத்து வீட்டுக்குத்தான் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி மெட்டில்டா. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கண்ணா. அசரியாவுக்கு நாம இன்னா பண்ணோம்னு கடைசி வரைக்கும் கேட்டுகினே இருந்தாரு. நீங்களாவது சொல்லுங்க. இன்னா பண்ணோம்?"