நஜீரின் பாட்டில்

அந்த வருடம் நோன்பு பிப்ரவரியில் வந்தது. ஆவடி மைதானத்தில் ஓட்டப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுத்தார்கள். இடம் கிடைத்தால் பின்னால் விளையாட்டுக் கோட்டாவில் தொழிற்சாலை வேலை கிடைக்கலாம். நஜீர் அதை நம்பித்தான் பாலிடெக்னிக்கை விட்டிருந்தான். நோன்போடு ஓடியும் அன்று மாலை அவன்தான் முதலாவது.

ஓட்டம் முடிந்ததும், ஆராய்ச்சிக்காக வந்திருந்த டாக்டர் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார். சிறுநீரில் வெளியேறும் பொருள்களைப் பார்த்தால், பயிற்சி யார் உடம்பில் ஒட்டும், யார் உடம்பில் ஒட்டாது என்று முன்பே சொல்லிவிடலாமாம்.

"ஒட்டாத உடம்புக்கு முட்டையும் பாலும் தண்டம்" என்றார் கோச் தசரதன். "எவனாவது பாட்டில மாத்தினா, ரெண்டு பேரும் இனிமே எந்தப் போட்டியிலும் ஓட முடியாது."

மைதானச் சுவருக்குப் பின்னால் காலி பாட்டிலோடு நஜீர் நின்றுகொண்டே இருந்தான். கூட ஓடிய நண்பன் வேம்புலி எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமே, இன்னும் நின்னுகினே கீற?"

"வர்லடா. விடியறதுக்கு மின்னாடி குடிச்ச தண்ணி, எல்லாம் வேர்வையா பூட்ச்சு."

"நோம்பு தொறந்துட்டு தரேன்னு சொல்லேன்."

"சொன்னேன். டாக்டரு வேன் கெளம்புதாம்."

வேம்புலி சிரித்தான். "குடு பாட்டில. மத்தியானம் ஊட்ல ஒரு சொம்பு மோர் அடிச்சேன். ரெண்டு பேருக்கும் தாங்கும்."

பெருநாள் கழிந்த வாரம் கோச் தேர்வானவர்களின் பெயர்களைப் படித்தார். இருவர் பெயரும் இல்லை.

டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. "இவங்க ரெண்டு பேருக்கும் அச்சு அசலா ஒரே ரிசல்ட், ஒட்டாத உடம்புன்னு. ஒண்ணா சாப்பிட்டு ஒண்ணா ஓடறவங்க போல. டெஸ்ட் எவ்ளோ கரெக்டா காட்டுது பாருங்க!"

"சார், எனக்கு மட்டும் இன்னொரு தபா எடுங்க" என்றான் நஜீர்.

"ஏன்? அது உன்னோடது இல்லையா?"

நஜீர் வேம்புலியைப் பார்த்தான். வேம்புலி வாயைத் திறக்கப் போனான். நஜீர் முந்திக்கொண்டான்.

"என்னுதுதான் சார்."

மைதானத்தில் விசில் ஒலித்தது. எடுக்கப்பட்டவர்கள் ஓடத் தொடங்கினார்கள். நஜீர் நேராக அதே சுவருக்குப் பின்னால் போனான். மறுபடி கேட்டால் கொடுக்கலாம் என்று காலையிலிருந்து தண்ணீராகக் குடித்துவிட்டு வந்திருந்தான். சிறுநீர் வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

கேலி பேசாமல் வேம்புலி, நஜீர் விட்டுவிட்டுப் போன செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.