தார்ப்பாய்க்குள் செங்கோடனா, பன்றியா?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கும்மிருட்டிலும் எது இலை, எது பிளாஸ்டிக் என்று பிரித்துச் சொல்லும் கேமரா ஒன்று இருப்பதாகப் படித்தேன்.* பட்டப்பகலிலேயே கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் தடுமாறுகிற எனக்கு வயிறு எரிந்தது. உடனே அதைக் கொல்லிமலைக்கு அனுப்பிவிட்டேன்.

'கொல்லிமலையின் வாழவந்தி நாட்டின் மீது இரவு மெல்லக் கவிழ்ந்து'... வேண்டாம். எல்லாக் கதையிலும் அது கவிழ்ந்துகொண்டேதான் இருக்கிறது.

2

அத்தாயியின் மரவள்ளிக் காடு. காட்டுப்பன்றிக்குப் பயந்து அவள் கணவர் செங்கோடன் சுற்றிலும் பழைய தார்ப்பாய்களை வேலியாகக் கட்டினார்.

"உங்க வேலியப் பாத்துப் பன்னி சிரிக்குதுங்க" என்றாள் அத்தாயி. நாலு பேர் முன்னால் சொன்னதுதான் வினை. "நானே போய்க் காவல் உக்காந்துக்கறேன்" என்று போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் போனவர், இருட்டியும் வரவில்லை. தானாக முதலில் கூப்பிடுவதில்லை என்று அவளுக்கும் வீம்பு. பக்கத்துக் காட்டுக்காரர் அர்த்தனாரி வேலியோரம் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். பதிலில்லை. மரவள்ளிக்குள் ஏதோ உறுமியது.

"நாய்ங்கள அவுத்து உட்டரட்டுமாங்க?" என்றார் அர்த்தனாரி, தன் நாய்களின் சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடித்தபடி.

3

கேமராவைச் சோதிக்க ஊரில் தங்கியிருந்த ஆராய்ச்சியாளர் சுமித்ரா திரையைப் பார்த்தாள். செடிகளுக்கு நடுவே சூடாக ஒரு குவியல்.

"ஆளுக்கும் பன்னிக்கும் சூடு ஒண்ணுதாங்க. ஆனா மேல வழவழன்னு என்னமோ இருக்குது. பிளாஸ்டிக்."

"தார்ப்பாயிதான்! பனிக்குப் போத்தியிருப்பாரு" என்றாள் அத்தாயி.

"பன்னி வேலியப் பிச்சு மேல சுத்திக்கிட்டிருந்தா?" என்றார் அர்த்தனாரி.

(இந்தச் சந்தேகம் என்னுடையது அல்ல, மனுஷன் தானாகக் கேட்டுவிட்டார். சமாளிக்க, செங்கோடன் கையில் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன், பன்றி பாத்திரம் தூக்காதே என்று. "கோவிச்சுக்கிட்டுப் போறவரு தூக்குப்போசியோட போவாருங்களா சாமி?" என்று அத்தாயி என்னையே கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

அர்த்தனாரியின் பிடியில் நாய்கள் சங்கிலியை இழுத்தன. கேமரா பொருளைச் சொல்லிவிட்டது. உள்ளே யார் என்று சொல்லவில்லை. அத்தாயி வீம்பை விட்டாள்.

"ஏனுங்க! நான் பேசுனது தப்புதானுங்க. ஒரேயொரு சத்தங் குடுங்க, போதும்."

குவியல் அசைந்தது.

செங்கோடன்

செங்கோடன் வாயைத்

எழுத முடியவில்லை. நான் சொன்னால் அது என் குரல், அத்தாயி கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில் யாரிடமோ கோபித்துக்கொண்டு, கூப்பிட்டும் பதில் பேசாமல் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த ஒரு சத்தத்தை நீங்கள் கொடுங்கள். சீக்கிரம். அர்த்தனாரிக்குக் கை வலிக்கிறது.

———
* சாதாரண வெப்பக் கேமரா சூட்டை மட்டும் காட்டும். இது அந்த வெப்ப ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்றும் பார்க்கும். வழவழப்பான பொருளில் அது ஒரு பக்கமாகச் சாயும். இலையிலும் மண்ணிலும் ரோமத்திலும் கலைந்துவிடும். இதை எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் புரிந்தது.