உரசிப் பார்த்த சில்லு

நெவாடாவில் ஊர் ஊராகப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் காசுக்குப் பதில் வைத்தாடும் பந்தயச் சில்லுகளைச் சேர்ப்பவள் நான். புதிதாகத் தொடங்குபவர்கள் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: சில்லு வாங்கக் காசாளர் கூண்டுக்குப் போகாதே, திருடியைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். மேசையில் உட்கார், ஓர் ஆட்டம் ஆடு, ஒரு சில்லைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டு. எவன் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. சிரித்துக்கொண்டே கொடுத்தால் கிட்டவே போகாதே.

டெல்பர்ட் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான். பல வருடமாக ஒரே காரில் சில்லு தேடி அலைகிறவர்கள் நாங்கள். அன்று வினமக்கா என்ற ஊரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

“வெர்லா, கண்ண மூடு.”

“நான் கண்ண மூடுனா என் பர்ஸ யாரு பாத்துக்குவா?”

சில்லை என் உள்ளங்கையில் வைத்தான். சிவப்பு. ‘வெள்ளிக் கழுதை’ விடுதியுடையது. என் அப்பா அங்கேதான் சீட்டுப் பிரித்துப் போடும் வேலையில் இருந்தார். விடுதி எரிந்ததில் சில்லுகளும் போயின. அவர் கைபட்ட பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பைத்தியத்திலேயே இறங்கினேன்.

“யாருகிட்ட வாங்குன?”

“போலீஸ் மாதிரி கேக்காத. பெட்ரோல் போட்டுட்டு வந்து சொல்றேன். நிதானமாப் பாரு.”

அவன் போனதும் சில்லின் விளிம்பை விரலால் தடவினேன். ஆடிய சில்லு என்றால் விளிம்பு மழுங்கியிருக்கும். இது கூராக இருந்தது. தங்க எழுத்தும் புதுசாக மின்னியது. வெற்றுச் சில்லில் எழுத்தைப் பூசி விற்கும் பயல்கள் எங்கள் வட்டத்தில் உண்டு. போன வாரம் அப்படி ஒருவனோடு டெல்பர்ட் குசுகுசுத்ததை நானே பார்த்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா?

நகப்பூச்சு அழிக்கும் மருந்தைக் கைக்குட்டையில் நனைத்து எழுத்தின்மேல் அழுத்தித் தேய்த்தேன். தங்கம் அப்படியே துணியோடு வந்தது. மாட்டினாயா மகனே என்று எனக்குள் ஒரு கேடுகெட்ட சந்தோஷம்.

சில்லை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். தங்கம் போன இடத்தில் ஒவ்வோர் எழுத்தும் சில்லின் களிமண்ணில் ஆழமாகப் பதிந்திருந்தது. பூசின எழுத்துக்குப் பள்ளம் ஏது? விடுதியே சூட்டு அச்சால் அழுத்திய அசல் எழுத்து அது. நாசமாய்ப் போன என் கை அதன் தங்கத்தை வழித்துவிட்டது.

டெல்பர்ட் திரும்பி வந்து கைக்குட்டையைப் பார்த்தான். உட்காரவில்லை.

“வெளிம்பு கூரா இருக்குன்னு பாத்தியா? அது ஆடவே இல்லாத சில்லு. விடுதி தொறந்த அன்னிக்கு உங்கப்பா ஒருத்தருக்குக் கொடுத்தாராம். வாங்குனவரு ஞாபகத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தாரு. எனக்குத் தரமாட்டேன்னுட்டாரு. உங்கப்பா மகளுக்குன்னு சொன்னப்புறந்தான் தந்தாரு.”

“டெல்பர்ட், நான் வந்து...”

“நீ வெச்சுக்க. உனக்குன்னு வாங்குனதுதான்.”

வெளியே போய்க் காரிலிருந்து என் பெட்டியை எடுத்துவந்து கதவோரம் வைத்தான். ரீனோ நகருக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்று பரிமாறும் பெண்ணிடம் எனக்காக அவனே விசாரித்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.